காரை தாழ்த்தினால் வேகம் எகிறுமா? ஸ்பிரிங் வெட்டும் வாலிபர்கள் அறியாத கணக்கு

சென்னை:

காரை தரையோடு தரையாக தாழ்த்தி, அகலமான அலாய் வீல் மாட்டி, சைலன்சர் சத்தத்தையும் கூட்டி ஓட்டுவது வாலிபர்கள் மத்தியில் பேஷனாகி ரொம்ப நாளாகிறது. இதில் அழகுக்காக தாழ்த்துகிறவர்கள் ஒரு பக்கம். 'டிராக் ரேஸ்' ஓட்டினால் கார் அம்பு மாதிரி கிளம்பும் என்று நம்பி தாழ்த்துகிறவர்கள் இன்னொரு பக்கம். காசையும் கொடுத்துவிட்டு ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான்.

தாழ்த்திய கார் வேகமாக போகும் என்பது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எந்த சக்கரத்தில் என்ஜின் பவர் இறங்குகிறது, எவ்வளவு தாழ்த்துகிறார்கள், எப்படி தாழ்த்துகிறார்கள் என்பதை பொறுத்தது அது. இது தெரியாமல் ஸ்பிரிங்கை வெட்டினால் கிளம்பும்போதே டயர் 'கீச்' என்று சுற்றிக்கொண்டு நிற்கும். பக்கத்து டிராக்கில் ஸ்பிரிங்கில் கை வைக்காத கார் முந்திக்கொண்டு போகும்.

402 மீட்டர் ஓட்டம்

டிராக் ரேஸ் என்பது வளைவு, நெளிவு இல்லாத ஓட்டம். நின்ற இடத்தில் இருந்து கிளம்பி கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை யார் முதலில் கடக்கிறார்கள் என்பதுதான் போட்டி. அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு இது. 1951-ம் ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் 'என்.எச்.ஆர்.ஏ.' என்ற அமைப்பை தொடங்கினார். தெருவில் உயிரை பணயம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்களை டிராக்குக்கு கொண்டுவருவதுதான் அதன் முக்கிய நோக்கமே.

தமிழ்நாட்டுக்கும் கார் ரேஸ் புதிதல்ல. சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தை பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. அங்கே டிராக் ரேசும் நடத்தப்பட்டு இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது.

இந்த ஓட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் 60 அடியிலேயே முடிவாகிவிடும். அதாவது முதல் 18 மீட்டர். அங்கே பத்தில் ஒரு பங்கு விநாடியை மிச்சம் பிடித்தால், கடைசி கோட்டில் அது ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்காக பெருகி நிற்கும் என்பது ரேஸ்காரர்களின் பொதுவான கணக்கு. அதனால்தான் எத்தனை குதிரை சக்தி என்று கேட்பதற்கு முன்னால், டயர் தரையை எப்படி பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள்.

டவுன் பஸ் பாடம்

டவுன் பஸ்சில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சட்டென்று வண்டியை கிளப்பினால் என்ன ஆகும்? நிற்பவர்கள் எல்லோரும் பின்பக்கம் சாய்வார்கள். காருக்கும் அதே கதைதான். கிளம்பும் வேகத்தில் காரின் பாரம் முன் சக்கரத்தில் இருந்து பின் சக்கரத்துக்கு போய்விடும். மூக்கு தூக்கும், டிக்கி பக்கம் அமுங்கும்.

இங்கேதான் கார்கள் இரண்டு ஜாதியாக பிரிகின்றன.

ஸ்விப்ட், ஹோண்டா சிட்டி, போலோ போன்ற கார்களில் என்ஜின் பவர் முன் சக்கரத்துக்கு போகிறது. இழுக்க வேண்டிய சக்கரம் முன்னால் இருக்கிறது. ஆனால் கிளம்பும்போது பாரம் பின்னால் ஓடிவிடுகிறது. வேலை செய்ய வேண்டிய டயர் மேலே லேசாகி, சும்மா சுற்றுகிறது.

அம்பாசடர், ஆம்னி, பொலிரோ போன்ற வண்டிகளில் பின் சக்கரம்தான் தள்ளுகிறது. அங்கே பாரம் பின்னால் போவது வரம். டயரை தரையோடு சேர்த்து அமுக்கிக் கொடுக்கும். அமெரிக்க டிராக் ரேஸ் கார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

ஆகவே ஒரே மாதிரி தாழ்த்தினால் ஒரு காருக்கு கொஞ்சம் லாபம், இன்னொரு காருக்கு கொஞ்சம் நஷ்டம். அமெரிக்க வீடியோவை பார்த்துவிட்டு அதே வேலையை நம்ம ஊர் ஸ்விப்டில் செய்தால் தலைகீழாகத்தான் முடியும்.

40 மில்லிமீட்டருக்கு 8 கிலோ

எவ்வளவு லாபம் என்று கணக்கு போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூட கணக்குதான், பயப்பட வேண்டாம்.

1000 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்தில் 600 கிலோ, பின் சக்கரத்தில் 400 கிலோ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம் 2400 மில்லிமீட்டர். காரின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் இருப்பதாக நினைத்தால், அந்த புள்ளி தரையில் இருந்து 500 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார் நல்ல வேகத்தில், புவி ஈர்ப்பில் பாதி அளவு விசையோடு கிளம்புகிறது.

எடையை கிளம்பும் விசையால் பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, சக்கர இடைவெளியால் வகுத்தால் விடை 104 கிலோ. அதாவது முன் சக்கரத்தில் இருந்த 600 கிலோவில் 104 கிலோ பின்னால் போய்விட்டது. மிச்சம் 496 கிலோ.

இப்போது காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்துகிறோம். பார்க்கிற கண்ணுக்கு அது ரொம்ப பெரிய வித்தியாசம். உயரம் 500-க்கு பதில் 460. அதே கணக்கை போட்டால் 96 கிலோ வருகிறது.

மிச்சம் பிடித்தது 8 கிலோ. அவ்ளோதான். அதுவும் மொத்த காரும் 40 மில்லிமீட்டர் இறங்கியதாக வைத்துப் போட்ட கணக்கு. சக்கரம், பிரேக் எல்லாம் இருந்த உயரத்திலேயே இருப்பதால் உண்மையில் கிடைப்பது இன்னும் கொஞ்சம் குறைச்சல்.

முன் சக்கர கார்காரருக்கு இந்த 8 கிலோ லாபம். பின் சக்கர கார்காரருக்கு இதே 8 கிலோ நஷ்டம். ஆனால் தாழ்த்துகிற வேலையை தப்பாக செய்தால், இந்த 8 கிலோவுக்கு ஆசைப்பட்டு அதைவிட பல மடங்கு பிடிமானத்தை கோட்டைவிட வேண்டி வரும்.

பிளேடு போட்டால் வரும் வினை

கார் தாழ்த்த மூன்று வழி இருக்கிறது. காருக்கென்றே தயாரித்த குட்டை ஸ்பிரிங்கை வாங்கிப் போடுவது ஒன்று. ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து, உயரத்தை திருகி வைத்துக்கொள்ளும் 'காயில் ஓவர்' செட் போடுவது இன்னொன்று. இதற்கு செலவு ஜாஸ்தி. மூன்றாவது, இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றையோ ஒன்றரை சுற்றையோ வெட்டி எறிவது. செலவு ரொம்ப கம்மி. ஆபத்து ரொம்ப அதிகம்.

ஸ்பிரிங்கை வெட்டினால் அது இளகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். வேலை செய்யும் சுற்று 6 இருந்து அதில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடிவிடும். அந்த விறைப்புக்கு கம்பெனி ஷாக் அப்சார்பர் ஈடுகொடுக்காது. கார் குதித்துக்கொண்டே போகும்.

கேஸ் கட்டிங் போட்டு வெட்டினால் இன்னும் மோசம். ஸ்பிரிங் கம்பிக்கு பலமே அது கம்பெனியில் வாங்கி வந்த பதம்தான். நெருப்பு பட்ட இடத்தில் பதம் போய்விடும். கொஞ்ச நாளில் அந்த இடம் தொய்ந்து போகும், இல்லை உடையும். நான்கு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி தொய்யாது என்பதால் கார் ஒரு பக்கமாக சாய்ந்து நிற்கும்.

ஸ்பிரிங்கின் கடைசி சுற்று, உட்காரும் கிண்ணத்துக்கு ஏற்ற மாதிரி தட்டையாக இருக்கும். அதை வெட்டி எறிந்தால் ஸ்பிரிங் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகி இடம் மாறிக்கொள்ளும். வேகத்தில் போகும்போது அப்படி நடந்தால் கார் எந்த பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைவிட பெரிய கொடுமை 'பம்ப் ஸ்டாப்' விவகாரம். ஷாக் முழுசாக அமுங்கி இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க உள்ளே ஒரு ரப்பர் கட்டை இருக்கும். கார் ரொம்ப தாழ்ந்துவிட்டால் நிற்கும்போதே அந்த ரப்பருக்கு கிட்டத்தில் வந்துவிடும். டிராக்கில் கியர் மாற்ற கிளட்சை மிதித்ததும் தூக்கிக்கொண்டிருந்த மூக்கு சட்டென்று இறங்கும். ரப்பரில் மோதி துள்ளும். அதே நேரத்தில் 2-வது கியரில் பவர் வந்து இறங்கினால், டயர் அந்தரத்தில் இருக்கும் மாதிரிதான். கிரிப் காலி.

டயர் சாய்ந்தால் பிடிமானம் போச்சு

முன்பக்கம் 'ஸ்ட்ரட்' வைத்த கார்களை தாழ்த்தினால் சக்கரத்தின் தலைப்பக்கம் உள்ளே சாயும். மெக்கானிக்குகள் இதை 'நெகட்டிவ் கேம்பர்' என்பார்கள். வளைவில் ஓட்டும் ரேசுக்கு இது நல்லது. நேராக ஓடும் டிராக் ரேசுக்கு இது எமன்.

175 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் 2 டிகிரி சாய்ந்தால், உள் விளிம்புக்கும் வெளி விளிம்புக்கும் 6 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வந்துவிடும். டயர் நசுங்கி ஓரளவு சமாளிக்கும். இருந்தாலும் பாரம் முழுக்க உள் விளிம்பிலேயே விழும். அகலமான டயர் வாங்கிப் போட்டும் பாதி டயரில் ஓட்டுகிற கதை. உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிவது இதனால்தான். வெளியே இருந்து பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கும்.

கேம்பரோடு சேர்ந்து 'டோ'வும் மாறும். ஸ்டியரிங்கில் இருந்து சக்கரத்துக்கு போகும் டை ராடு, கார் தாழ்ந்ததும் வேறு கோணத்தில் நிற்கும். அதனால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்ளும். இதை சரிசெய்யாமல் ஆக்சிலேட்டரை அமுக்கினால் ஸ்டியரிங் கையை விட்டு பிடுங்கும்.

முன் சக்கர கார்களில் டிரைவ் ஷாப்டும் கோணம் மாறும். கிளம்பும்போது முழு பவரும் அந்த ஜாயிண்டில்தான் இறங்குகிறது. பூட் ரப்பர் கிழிந்து கிரீஸ் தெறித்து, அப்புறம் 'டக் டக்' சத்தம் வந்தால் ஷாப்டு செலவு தலையில் விழும்.

எனவே தாழ்த்திய அன்றே வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் வண்டியை எடுப்பது பைத்தியக்காரத்தனம். கம்பெனி கார்களில் பலவற்றில் முன் கேம்பரை திருப்ப வசதி இருக்காது. அதற்கென்று கேம்பர் போல்ட், கேம்பர் பிளேட் விற்கிறார்கள். டிராக் ரேசுக்கு செட் செய்பவர்கள் கார் நிற்கும்போது டயர் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து திருப்தி அடைவதில்லை. கிளம்பி மூக்கு எழும்பிய நிலையில் டயர் நேராக இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி நிற்கும் நிலையில் அளவு வைக்கிறார்கள்.

முன் சக்கர காரில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் ஹோண்டா சிவிக் காரை வைத்து டிராக் ரேஸ் ஓட்டும் பெரிய கூட்டமே இருக்கிறது. முன் சக்கர காரில் பிடிமானம் கொண்டுவர அவர்கள் செய்யும் வேலைகள் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

முன்பக்கத்தை தாழ்த்துவார்கள். பின்பக்கத்தை அவ்வளவு தாழ்த்த மாட்டார்கள். பின்னால் ரொம்ப விறைப்பான ஸ்பிரிங் போடுவார்கள். தாழ்த்திய காரை பார்த்து பழகிய கண்ணுக்கு, டிக்கி தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த கார் கேவலமாக தெரியலாம். டிராக்கில் அது ஓடும் ஓட்டம் வேறு.

விறைப்பான ஸ்பிரிங் போட்டால் பாரம் பின்னால் போகாது என்று சொல்வது தப்பு. மேலே போட்ட கணக்கில் ஸ்பிரிங் என்ற வார்த்தையே இல்லை என்பதை கவனித்தால் புரியும். உயரம், எடை, சக்கர இடைவெளி, கிளம்பும் விசை இந்த நான்கும்தான் அதை முடிவு செய்கின்றன. விறைப்பான ஸ்பிரிங் செய்வது வேறு வேலை. டிக்கி பக்கம் அமுங்கி மூக்கு வானத்தை பார்ப்பதை தடுக்கிறது. அதனால் முன் சக்கரத்தின் கேம்பர், டோ எல்லாம் வைத்த அளவிலேயே நிற்கின்றன. கார் ஊஞ்சல் ஆடுவதும் குறைகிறது.

முன் ஷாக்கிலும் ஒரு தந்திரம் உண்டு. அமுங்குவது சுலபமாகவும், நீளுவது கஷ்டமாகவும் செட் செய்வார்கள். கிளம்பும்போது மூக்கு மெதுவாகத்தான் எழும்பும். அந்த ஒன்றிரண்டு விநாடிதான் முதல் 60 அடி.

பாரம் போவதையே உண்மையில் குறைக்கும் சாமான் 'வீலி பார்'. காரின் பின்னால் நீளமாக இரும்பு கம்பி கட்டி, அதன் நுனியில் சின்ன சக்கரம் வைப்பது. பின்னால் சாயும் பாரம் அந்த சின்ன சக்கரத்தில் போய் நிற்கும். கணக்கில் சக்கர இடைவெளி கூடிவிட்ட மாதிரி. இது டிராக்குக்கு மட்டும். நம்ம ஊர் ரோட்டில் இதை கட்டிக்கொண்டு வந்தால் முதல் வேகத்தடையிலேயே மாட்டிக்கொள்ளும்.

காசே செலவில்லாத வேலையும் இருக்கிறது. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் எல்லாவற்றையும் ரேஸ் அன்று இறக்கி வைப்பது. மொத்த எடையும் குறையும், முன் சக்கரத்தின் பங்கும் கூடும். பின் சீட்டையும் கழற்றி வைப்பவர்கள் உண்டு.

இன்னொரு விஷயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. என்ஜின் மவுண்ட். பழைய மவுண்ட் ரப்பர் நைந்து போயிருந்தால், பவர் கொடுத்ததும் என்ஜின் ஆடும். அந்த ஆட்டம் சக்கரத்துக்கு போய், டயர் தரையை பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு 'தட தட'வென்று குதிக்கும். இதில் ஷாப்டு உடைந்த கார்கள் உண்டு. லோயர் ஆர்ம் புஷ் போயிருந்தாலும் இதே கதிதான். ஸ்பிரிங்குக்கு காசு செலவு பண்ணுவதற்கு முன்னால் மவுண்டையும் புஷ்ஷையும் மாற்றினால் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

அம்பாசடர் பட்டையும் அமெரிக்க மஸ்டாங்கும்

பின் சக்கர வண்டியின் கதை வேறு. அம்பாசடரில் பின்னால் பட்டை ஸ்பிரிங். பவர் கொடுத்ததும் ஆக்சில் முறுக்கிக்கொண்டு எழும்ப பார்க்கும். பட்டை 'எஸ்' எழுத்து மாதிரி வளையும். பிறகு வளைந்த பட்டை திருப்பி உதைக்கும். சக்கரம் குதிக்கும்.

பட்டை வண்டியை தாழ்த்த, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்பு கட்டை வைப்பார்கள். இதனால் ஆக்சில் பட்டையை விட்டு இன்னும் தள்ளிப் போகிறது. நீளமான ஸ்பேனர் போட்டு திருகினால் சுலபமாக திரும்புமே, அதே மாதிரி ஆக்சில் பட்டையை இன்னும் சுலபமாக முறுக்கும். தாழ்த்தியதில் கிரிப் போவது இப்படித்தான். அமெரிக்காவில் கிரைஸ்லர் கார் ஓட்டியவர்கள் இதற்காகவே முன்பாதி விறைப்பான பட்டையும், ஆக்சில் மூக்கு எழும்பாமல் தடுக்கும் ரப்பர் கட்டையும் பயன்படுத்தினார்கள்.

போர்டு மஸ்டாங் கதையை தெரிந்துகொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1979 முதல் 2004 வரை வந்த மஸ்டாங் கார்களில் பெரும்பாலானவற்றில் பின் ஆக்சிலை நான்கு கைகள் பிடித்திருக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. சக்கரம் தள்ளும் தள்ளு எல்லாம் இந்த கைகள் வழியாகத்தான் காரின் உடம்புக்கு போகிறது. கீழ் கை முன்பக்கம் சற்று மேல்நோக்கி இருந்தால், சக்கரம் தள்ளும்போது காரின் பின்பக்கத்தை தூக்கும். காரை தூக்கினால் எதிர்வினையாக டயர் தரையில் அமுங்கும். மணக்க மணக்க கிரிப்.

காரை ஒன்றரை அங்குலம் தாழ்த்தினால் என்ன ஆகிறது? உடம்பு இறங்குகிறது, ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கீழ் கையின் முன்பக்கம் தாழ்ந்து, கையின் சாய்வே மாறிவிடுகிறது. டயரை அமுக்கிய அதே தள்ளு இப்போது காரின் பின்பக்கத்தை கீழே இழுக்கிறது. டயரில் அழுத்தம் குறைகிறது. அழகாக தாழ்ந்து நிற்கும் கார், பச்சை விளக்கு விழுந்ததும் புகையை கிளப்பிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து ரொம்ப எளிது. ஆக்சில் பக்கம் கீழ் கை மாட்டும் துளையை இன்னும் கீழே இறக்கி, ஒரு இரும்பு பிராக்கெட் போட்டு மாட்டுகிறார்கள். கார் தாழ்ந்தே இருக்கும். கையின் சாய்வு மட்டும் பழைய மாதிரி ஆகிவிடும். ஷாப்டு ஆக்சிலில் நுழையும் கோணமும் மாறியிருக்கும் என்பதால், நீளத்தை திருகி மாற்றக்கூடிய மேல் கையை போட்டு அதையும் சரிசெய்கிறார்கள். தாழ்வும் வேண்டும், பிடிமானமும் வேண்டும் என்பவருக்கு இதுதான் வழி. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு கைகளின் கோணத்தை மறந்தால் பாதி வேலைதான் முடிந்தது.

பின் சக்கர காரில் முன் ஷாக்கை நேர் எதிராக வைப்பார்கள். சுலபமாக நீளும், கஷ்டப்பட்டு அமுங்கும். மூக்கு சட்டென்று எழும்பி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும். ஆக்சில் முறுக்கத்தில் வலது பின் சக்கரம் லேசாகிவிடும் என்பதால் பேட்டரியை டிக்கியின் வலது மூலைக்கு மாற்றுவதும் உண்டு.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் தாழ்த்துவதற்கு பதில் தூக்கினார்கள். 1960-களில் 'காசர்' என்ற ரக கார்கள் முன்பக்கம் ஏணி வைத்து ஏறுகிற உயரத்தில் நின்றன. அந்த காலத்து டயரில் பிடிமானம் குறைவு. உயரம் கூடினால் பாரம் பின்னால் அதிகம் போகும் என்ற கணக்கில் தூக்கினார்கள். நல்ல டயர் வந்ததும் அந்த உயரம் ஆபத்து என்று கைவிட்டார்கள்.

டயரை மறந்தால் எல்லாம் வீண்

இத்தனை சஸ்பென்ஷன் பேச்சுக்கு நடுவில் ஒரு வேடிக்கை. டிராக் ரேசிலேயே ராஜாவான 'டாப் பியூயல்' காரில் பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. ஆக்சிலை நேராக சட்டத்தில் முடுக்கி இருப்பார்கள். அத்தனை வேலையையும் செய்வது வளைந்து கொடுக்கும் சட்டமும், சுருங்கி விரியும் ராட்சத டயரும்தான். அந்த டயரில் காற்று 6, 7 பி.எஸ்.ஐ. அளவில்தான் இருக்கும். நம்ம காரில் 30-க்கு மேல் அடிக்கிறோம்.

இதில் நம்ம ஊர் வாலிபர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. காரை தாழ்த்துகிறவர்கள் கையோடு பெரிய அலாய் வீலும், ரப்பர் பட்டை மாதிரி மெலிசான டயரும் மாட்டுகிறார்கள். நேராக கிளம்பும் ஓட்டத்துக்கு டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதுதான் நல்லது. அது கொஞ்சம் நசுங்கி, அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, தரையில் அதிக இடத்தை பிடிக்கும். மெலிசான டயர் அதை செய்யாது. பெரிய வீல் கனமும் அதிகம். சுற்ற வைக்கவே பவர் செலவாகும்.

முன் சக்கர காரில் ரேஸ் அன்று முன் டயரில் காற்றை கொஞ்சம் குறைத்து, பின் டயரில் கூட்டி ஓட்டுவார்கள். ரேஸ் முடிந்ததும் பழைய அளவுக்கு கொண்டுவர வேண்டும். குறைந்த காற்றோடு பைபாஸ் ரோட்டில் ஏறினால் டயர் சூடாகி வெடிக்கும் அபாயம் உண்டு. ரேசுக்கு முன்னால் டயரை சுற்றவிட்டு புகை கிளப்புவது ஜம்பத்துக்கு அல்ல. டயரை சூடாக்கி ரப்பரை பசையாக்கத்தான்.

தெருவில் ஓட்டினால் ஜெயில்

இந்த வேலை எல்லாம் மூடிய டிராக்குக்கு. மெரினா, ஈ.சி.ஆர். போன்ற இடங்களில் ராத்திரி ரேஸ் விடுகிறவர்களை போலீசார் மடக்கிப் பிடிப்பது அடிக்கடி நடக்கிற சமாச்சாரம்தான். ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவு பாயும். 2019-ல் வந்த திருத்தத்துக்கு பிறகு முதல் தடவைக்கு 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், இல்லை இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை ஜெயில், ரூ.10 ஆயிரம் வரை அபராதம்.

ரேஸ் விடாவிட்டாலும் வம்பு உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில் இதையே உறுதி செய்தது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு வண்டியின் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், இல்லை இரண்டும் என்று 2019 திருத்தம் கூறுகிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் ஸ்பிரிங்கை குனிந்து பார்க்கும்.

அதைவிட தினப்படி கஷ்டம் இருக்கிறது. நம்ம ஊர் வேகத்தடை எல்லாம் ஒரே உயரத்திலா இருக்கிறது? தாழ்த்திய காரில் நான்கு பேர் ஏறினால் அடிப்பக்கம் உரசும். ஆயில் சேம்பர் அடிபட்டு ஓட்டை விழுந்தால் நடுரோட்டில் ஆயில் கொட்டி என்ஜினே ஜாம் ஆகும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் முதலில் நிற்பதும் இந்த கார்தான்.

முறையாக செய்ய ஆசைப்பட்டால்

டிராக்கில் ஓட்ட வேண்டும் என்ற உண்மையான ஆசை உள்ளவர் முதலில் காசு போட வேண்டியது டயருக்கு. அடுத்தது நைந்த புஷ், மவுண்ட், ஷாக். கடைசியில்தான் தாழ்த்துவது. அதுவும் 20, 30 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மற்ற எல்லா கோணத்தையும் திருத்தும் செலவு பின்னாலேயே வரும். ஸ்பிரிங் மாற்றும்போது அதற்கு பொருத்தமான ஷாக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்றினால் இரண்டும் கெடும்.

ஒரே நாளில் நாலு மாற்றம் செய்துவிட்டு, எதனால் நேரம் குறைந்தது என்று தெரியாமல் முழிப்பவர்கள் நிறைய. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். பிறகு முதல் 60 அடிக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். டிராக்கில் கொடுக்கும் நேர சீட்டில் அது தனியாக இருக்கும். மொத்த நேரம் குறைந்து 60 அடி நேரம் குறையாமல் இருந்தால், பிடிமானம் கூடவில்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

செல்போன் ஒன்றை தரையில் வைத்து, கார் கிளம்புவதை பக்கவாட்டில் வீடியோ எடுத்தால் பாதி ரகசியம் தெரிந்துவிடும். மூக்கு எவ்வளவு எழும்புகிறது, பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது, டயர் குதிக்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை.

கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்கை பழைய இரும்புக்கு எடை போட்டு விடக்கூடாது. காரை விற்கும்போதும், 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு கொண்டுபோகும்போதும் அதை தேடி அலைய வேண்டி வரும். கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, எந்த பக்கத்து ஸ்பிரிங் என்று சுண்ணாம்பில் எழுதி பரண் மேல் போட்டு வைத்தால் போதும்.